அக்னி மூலையில் வைத்த பேட்டரி

ஏனுங்க மாமா,

இப்படிக் கூப்பிட்டால் மோட்டார் சத்தத்துக்கு நடுவிலும் திரும்பிப் பார்ப்பீங்களே, அந்த நினைப்பில்தான் இதை எழுதுகிறேன். நீங்க போன பிறகு வந்த முதல் ஆடி இது. உடுமலைக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லணுமா? அணைத் தண்ணி கடல் மாதிரிப் புரளுது.

படகை விற்கவில்லை. நீங்க இருந்தப்ப உங்ககூட வலை இழுத்த மாரப்பண்ணன்தான் இப்போது ஓட்டுகிறார். விளக்கு, வயர்லெஸ், நீங்க கொச்சியிலிருந்து வாங்கி வந்த மீன் காட்டும் மிஷின், எல்லாம் இருக்கு. அதுகளுக்குக் கரண்டு கொடுக்கிற பேட்டரிதான் சித்திரையில் செத்துப்போச்சு. புதுசு வாங்க நானே கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கார் பேட்டரியைத் தூக்கி வைத்தார். "படகுக்கு இது போதுமுங்க."

"போதாதுங்க. அது வண்டியக் கிளப்ப ஒரே மூச்சுல கொடுத்துப்போட்டு ஓஞ்சுக்கும். எங்க மோட்டார் கயிறு இழுத்துக் கிளப்பறது. எனக்கு லைட்டும் செட்டும் பொழுதுக்கும் ஓடோணும். இன்வெர்ட்டருக்கு வைப்பாங்களே, அதைக் கொடுங்க."

"அம்மணி மெக்கானிக்குங்களா?"

"சமையலுங்க."

கடையே சிரிச்சுது. நீங்க சாப்பிடும்போது சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் கற்றதுதானே? அந்தப் பெருமையோடு நான் நின்றிருக்கலாம்.

நீங்க பேட்டரியை நடுப் பலகைக்கு அடியில், மரப்பெட்டிக்குள் வைத்து, வார் போட்டுக் கட்டியிருந்தீங்க. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் அடுப்பை அக்னி மூலையில்தானே வைக்கிறோம்? நெருப்பை அடக்கின பொருளை நட்டநடுவில் வைத்ததால்தான் உங்க நெஞ்சு அப்படி நின்றுபோச்சோ என்று எத்தனை நாள் அழுதிருக்கிறேன். யாரிடம் சொல்ல முடியும் இதை?

புதுப் பேட்டரியைப் படகின் முன்பக்கம், வலது மூலையில் வைக்கச் சொன்னேன். மாரப்பண்ணன் தலையைச் சொறிந்தார்.

"அம்மணி, படகு கெழக்க பாத்து நிக்கறப்ப இது அக்னி மூலைங்க. திரும்பிக் கரைக்கு வாரப்ப வாயு மூலை ஆயிருமுங்களே?"

"அதெல்லாம் சாமி பாத்துக்கும். வைங்க" என்றேன். குரல் கொஞ்சம் கடுசாகவே வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே தூக்கி வைத்து, கயிற்றால் இழுத்துக் கட்டினார்.

போன வெள்ளிக்கிழமை, வலை எடுக்கப் போனவர் இருட்டாகியும் திரும்பவில்லை. கரையில் இருக்கிற வயர்லெஸ் செட்டில் அவர் சம்சாரம் சரசக்கா, "ஏனுங்க, கேக்குதுங்களா? ஏனுங்க?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதிலே இல்லை. முதலை கிடக்கிற தண்ணி. நான் கந்தசஷ்டிக் கவசத்தை எந்த வரியில் விட்டேன் என்று தெரியாமல் திரும்பத் திரும்ப ஆரம்பித்தேன்.

நிலா மேலே வந்த பிறகு படகு வந்தது. அலையில் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டதில் பேட்டரி கிளாம்பு கழன்று, தண்ணியும் தெறித்து, விளக்கும் செட்டும் ஒன்றாக அணைந்திருக்கின்றன. தண்ணிக்குள் மொட்டை மரங்கள் நிற்கிற இடம். இருட்டில் மோதினால் படகு கவிழும் என்று ஒரு மரத்தில் கட்டிப்போட்டு, நிலா வெளிச்சத்துக்காக உட்கார்ந்திருந்தாராம்.

கரையில் கூடியிருந்தவங்க, "என்னாச்சுங்க?" என்று கேட்டாங்க. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நாந்தானுங்க கிளாம்பச் சரியா முடுக்காம உட்டுப்போட்டேன்."

அவ்வளவுதான், சரசக்கா பிடித்துக்கொண்டாள். "ஒரு திருகாணி முடுக்கத் தெரியல, இவருக்கு மோட்டார்ப் படகு ஒண்ணுதான் கொறச்சல்! கரையில உக்காந்து கொக்கு ஓட்டப் போங்க!" எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா மாமா? "முருகந்தான் காப்பாத்துனான்" என்று எல்லாருக்கும் திருநீறு கொடுத்தேன். அவர் நெற்றியிலும் நானே பூசினேன். என் வாயில் சாமி பேர் வந்தது. என் பேர் வரவில்லை.

மறுநாள் கேட்டேன்: "ஏனுங்கண்ணா, பழிய உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"அவரு போன பயத்துலதான் எடம் மாத்துனீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க அம்மணி. அதைப் போயிக் கரையில வெச்சுச் சொல்ல முடியுமுங்களா?"

நான் யாரிடமும் சொல்லாததை அவர் அறிந்திருக்கிறார். அறிந்துதான் அந்தக் காற்றில் போயிருக்கிறார். அன்றிலிருந்து சரசக்கா எதிரே வந்தால் நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொள்கிறேன். அவளோ, "எங்கூட்டுக்காரரு பண்ணுனதுக்கு மனசுல வெச்சுக்காதீங்க அம்மணி" என்கிறாள். இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நேற்று பேட்டரியை நடுப் பலகைக்கு அடியிலேயே கொண்டுவந்துவிட்டேன். ஆட்டம் குறைவான இடம் அதுதான் என்று பலகையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பெட்டியில் நீங்க போட்ட காற்றுத் துளைகளைத் துடைத்து, கிளாம்பில் வாஸ்லின் தடவி, வாரை நானே இறுக்கினேன். யாரும் பார்க்கவில்லை. அதுவும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது, பாருங்க.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் எடை போட எல்லாரும் கரைக்கு வருவாங்க. சரசக்காவும் வருவாள். திருநீறு பூசிய அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால், சாமி பேரைச் சொல்வதற்கு முன் என் பேரைச் சொல்லுவேன். இது உங்க மேல் சத்தியம்.

என்றைக்கும் உங்க ஊட்டுக்காரி,
தெய்வானை