வேண்டாம் என்ற அம்மா

நவம்பர் 12, செவ்வாய்

என் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்க இரண்டு வருடமாகக் காத்திருக்கிறோம். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து உடனே வரச் சொல்லி போன் வந்தது. ஷூ கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, ஆம்பூரிலிருந்து அவரை வேலூருக்குக் கூட்டிப் போனேன். மதியம் நர்ஸ் வந்து, "மூளைச்சாவு ஆன பையனோட அம்மா கடைசியில உறுப்பு தானம் வேணான்னுட்டாங்கம்மா" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவரோ, "அந்தம்மாவுக்காக ஜெபம் பண்ணு ஸ்டெல்லா" என்றார்.

"என்னால முடியாதுங்க."

"சரி, நான் பண்றேன்" என்று அங்கேயே கண்ணை மூடிக்கொண்டார்.

நாளைக்கு மறுபடி டயாலிசிஸ். இப்போது தூங்குகிறார். கர்த்தருக்குக் காத்திரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் காத்திருந்தது யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை சாவதற்கு என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அந்த அம்மா" என்றேன். இன்றைக்கு என் ஜெபம் அவ்வளவுதான்.