ஓடுகிறது என்றது உன் ஸ்கிரிப்ட்

என் செல்லத் தம்பி கிளீட்டஸ்,

திட்டாமல் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்காமலே போய்விட்டாயே என்ற கோபம் இன்னும் தீரவில்லை. அதற்குள் நீ எழுதிவைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் வேறு என் உயிரை வாங்குகிறது.

படகுச் சங்கத்து அறையின் மூலையில் நீ வைத்த கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. காற்று எச்சரிக்கை வந்தால் அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் உன் சர்வீஸ் ஊரில் கடலுக்குப் போகிற எல்லாருக்கும் தானாகப் போன் போடும். நீ பதிவு செய்த குரல் பேசும். "நான் கிளீட்டஸ் பேசுதேன். காத்து ஏறுது. வலைய வாரிட்டுக் கரைக்கு வாங்க." அதைக் கேட்டால்தான் அப்பா வள்ளத்தைத் திருப்புவார். ரேடியோ சொன்னால் திரும்ப மாட்டார், நான் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். உனக்குத் தெரியாததா?

ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. கோவிலில் பூசை நடக்கும்போது எல்லார் மடியிலும் போன் அலறக் கூடாது என்று முதல் வேலையாக நீ ஸ்டாப் ஸ்கிரிப்டை ஓட்டுவாய். அடக்கம் முடிந்ததும் ஸ்டார்ட். உன் அடக்கத்தன்று அதைச் செய்ய யார் இருந்தார்கள்?

சங்கச் செயலாளர் தொம்மை அண்ணாச்சிக்குப் பதறிப்போய்விட்டது. உன்னைக் கோவிலுக்குள் தூக்கி வரும் நேரத்தில் உன் குரலே எல்லார் போனிலும் பேசினால் அம்மா என்ன ஆவாள்? மனுஷன் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மறுநாள் பத்திரமாகத் திரும்பச் செருகியும் வைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அதன் பிறகு உன் சர்வீஸ் ஓடவே இல்லை. அது எங்களுக்குத் தெரியாது. துறைமுகத்துக்கு எதிரே என் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு தினமும் காலையில் இணையம் வழியே அந்தக் கம்ப்யூட்டரிடம் உன் சர்வீஸின் ஸ்டேட்டஸ் கேட்பேன். "ஓடுகிறது" என்று பதில் வரும். கடல் சும்மா கிடந்த மாதங்கள் அவை. போன் வராததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. உன்னுடைய ஏதோ ஒன்று இன்னும் இங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவேன்.

போன வாரம் ஆபீஸ் ஜன்னல் வழியே பார்க்கிறேன், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். உன் பட்டியலில் என் நம்பரும் உண்டு. ஆனால் என் போன் அடிக்கவில்லை. ஸ்டேட்டஸ் கேட்டேன். ஓடுகிறது என்றது. அப்பாவைக் கூப்பிட்டேன். புன்னைக்காயல் முகத்துவாரத்தைத் தாண்டி எங்கேயோ கிடந்தார். போனுக்குள் காற்று இரைந்தது.

"அப்பா, கூண்டு ஏத்திட்டாங்க. திரும்புங்க."

"ஏளா, தம்பி இன்னும் ஒண்ணும் சொல்லலியே. அவன் சொல்லாம நான் எதுக்குத் திரும்பணும்? மீன் நல்லா படுது. வையி."

வைத்துவிட்டார். அது பதிவு செய்த குரல்தான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். மண் அள்ளிப் போட்ட கை அவருடையதுதானே. தெரிந்துகொண்டேதான் அங்கே உனக்காகக் காத்துக் கிடந்தார்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் நிற்கச் சொன்னேன். ஆபீஸிலிருந்தே அதற்குள் நுழைந்து ஸ்டாப் அடித்தேன். "நிறுத்தப்பட்டது" என்றது. அடுத்த நொடி அண்ணாச்சி கத்தினார். "ஏளா மெர்சி, இங்கன சீட்டு அடிச்சிட்டிருந்த பிரிண்டர்லா நின்னுட்டு!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கிளீட்டஸ். ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் கம்ப்யூட்டர் ஓர் எண் கொடுக்கும். உன் ஸ்கிரிப்ட் அந்த எண்ணை ஒரு கோப்பில் போட்டுவைக்கும். முறையாக ஸ்டாப் செய்தால் கோப்பை அழித்துவிடும். பிளக்கைப் பிடுங்கியதால் கோப்பு அழியவில்லை. மின்சாரம் திரும்பி வந்தபோது உன் எண்ணில் பிரிண்டர் புரோகிராம் வந்து உட்கார்ந்துகொண்டது. தானாக எழுந்த ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் எட்டிப் பார்த்தது, எண்ணுக்கு உயிர் இருக்கிறது, சரி என்று போய்விட்டது. ஸ்டேட்டஸும் அதே எண்ணைப் பார்த்துத்தான் ஓடுகிறது என்றது. ஏலே, அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தவன், அது யாருடையது என்று பார்க்க மாட்டாயா? இத்தனை நாள் நான் தினமும் நலம் விசாரித்தது ஒரு பிரிண்டரை!

ஸ்டார்ட் அடித்தேன். உடனே என் போன் அடித்தது. "நான் கிளீட்டஸ் பேசுதேன்." ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதேன்.

அப்பா திரும்பினார். ஆனால் அதற்குள் கடல் எழும்பிவிட்டது. முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்து, பின்னால் வந்த படகுக்காரர்கள் அவரை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். வள்ளம் போயிற்று, கால் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி சொன்னான் ளா. கொஞ்சம் பிந்திச் சொல்லிட்டான். பாவம், அவனுக்கு என்ன சோலியோ."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டேன். இனி எண்ணோடு பெயரையும் பார்க்கும்; மின்சாரம் போய்வந்தால் பழைய கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் தொடங்கும். அது ஒரு மணி நேர வேலை. அப்பாவை என்ன செய்வது? கால் கட்டைப் பிரிக்கும் முன்பே மாமாவின் வள்ளத்தைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். காற்றுக் காலம் இன்னும் முடியவில்லை. தென்கிழக்கே மேகம் கறுத்துக் கட்டி நிற்கிறது, கடலில் ஒரு சத்தம் இல்லை. நாளைக்கு வேறு எது பழுதானாலும் அவர் அங்கேயே கிடப்பார், நீ சொல்லவில்லையே என்று.

அதனால் இந்தக் கடிதத்தை முடித்ததும் ஸ்டாப் அடிக்கப் போகிறேன். இந்த முறை நிற்கப்போவது நீதான். உன் பதிவை எடுத்துவிட்டு என் குரலைப் போட்டுத் தொடங்குவேன். காலையில் பேசிப் பதிவு செய்துவிட்டேன். "நான் மெர்சி பேசுதேன். கிளீட்டஸ் இல்ல. அப்பா, கரைக்கு வாங்க."

ஊருக்கே போகிற போனில் அப்பா என்று கூப்பிடுகிறேனே என்று சிரிக்கிறாயா? சிரி. அதற்கு அவர் திரும்புவாரா என்று எனக்குத் தெரியாது. திரும்பாவிட்டாலும் ஒவ்வொரு காற்றுக்கும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன், இது சத்தியம்.

உன் வாயை அடைக்கத் துணிந்த,
உன் அக்கா
மெர்சி