லூர்துவின் முழங்கைத் தழும்பு

அன்பான என் அக்காவுக்கு,

பழிவாங்கிவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

நயா பைசா வந்த வருஷம் நீ காய்ச்சலில் போனாய். உன் இலக்கண நோட்டை "பாத்துட்டுத் தரேங்க" என்று வாங்கிப்போன, நீ பாடம் நடத்திய பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், மறுவருஷமே அதைத் தன் பெயரில் புத்தகமாகப் போட்டார். 'வேகம்' என்பது பெயர்ச்சொல்; 'வேகமான பஸ்' என்றால் பஸ் என்ற பெயருக்கு அடை; 'வேகமாக வந்தது' என்றால் வினைக்கு அடை. பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி நீ எழுதியதை ஒரு வரி மாற்றாமல் அச்சடித்திருந்தார். நோட்டோ நம்மிடம் இல்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆனால் உதாரணங்களையும் சேர்த்துக் காப்பியடித்துவிட்டார், அக்கா. உதாரண வாக்கியம் வேண்டுமென்றால் நீ நம் வீட்டில் நடந்ததைத்தானே எழுதுவாய்? அது அவருக்கு எப்படித் தெரியும்?

போன ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா. நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, உங்க புத்தகத்துல லூர்துன்னு ஒரு பொண்ணு வருதே, அது யாருங்க?"

"சும்மா உதாரணத்துக்கு ஒரு பேரும்மா. உக்காருங்க."

புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தேன். "லூர்து மலைக்கோட்டைப் படியில் வேகமாக ஓடினாள். அவளுடைய இடது முழங்கையில் நீளமான தழும்பு இருக்கிறது."

"நான்தாங்க லூர்து. இது எங்க அக்கா எழுதுனது" என்று ரவிக்கைக் கையை மேலே தள்ளிக் காட்டினேன். அந்த வரியை மனப்பாடம் செய்த பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வீட்டுக்கு வந்து, "தப்புதாம்மா, மன்னிச்சிடுங்க" என்றார். நான் உட்காரச் சொல்லவில்லை. நோட்டு உன்னுடையது என்று ஜன்னல் மாடத்தில் தாளை வைத்து, நின்றபடியே எழுதவைத்தேன். கையெழுத்து சரியில்லையென்று இன்னொரு தடவையும் எழுதவைத்தேன். மனசு குளிர்ந்தது.

மாதா கோயிலில் சாமியார் மன்னித்துவிடச் சொல்கிறார். நீ இருந்தால் மன்னித்திருப்பாயா? இருக்கலாம். என்னைவிட நல்ல மனசு உனக்கு. என்னால் முடியவில்லை.

அந்தத் தாள் பதிப்பகத்துக்குப் போய்விட்டது. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு உன் பெயர் போட்ட புத்தகத்தையும் கொண்டுவருவேன். அவரையும் கூட்டிவருவேன். அட்டையில் இருக்கிற பெயரை அவரே உன் முன்னால் சத்தமாகப் படிப்பார்.

உன் தங்கை,
தழும்புக்காரி லூர்து