நாலு விரலுக்கு நாலு ஊர்

மட்லிக் பள்ளத்தாக்கு, கென்டக்கி
வியாழக்கிழமை

அன்பு மருமகள் டெல்ஃபாவுக்கு,

இந்த மாவட்டமே கண்டு நடுங்கும் உன் தாய்மாமன் ஹோபர்ட் எழுதுவது. நானும் நாயும் சுகம். நீயும் உன் அக்கா ஓப்பலும் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, இடது கையால் எழுதுகிறேன். இரண்டு கையாலும் எழுதுகிறவன் மட்லிக்கில் என்னை விட்டால் யார்?

சனிக்கிழமை வட கரோலினா விழாவில் பெரிய மேடையே உங்களுக்குத்தானாமே! பத்தாயிரம் பேர் வருவார்கள் என்றாள் பக்கத்து வீட்டு ஐமா. நான் ஊருக்குள் முப்பதாயிரம் என்று சொல்லிவிட்டேன், சமாளித்துக்கொள். 'நனைந்த தீக்குச்சிகள்' என்று பாட்டுக் குழுவுக்கு நீ பெயர் வைத்தபோது, இது உருப்படாது என்று முதலில் சொன்னவன் நான்தான். உருப்பட்டதும், அப்போதே தெரியும் என்று முதலில் சொன்னவனும் நான்தான்.

போன வருஷம் தீயணைப்புக் கூடத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் இரவல் கொடுத்த பேஞ்சோ வாத்தியத்துக்கு மின்சாரம் கொடுத்து, பின்னால் டிரம்மையும் வைத்துக்கொண்டு, ஒரே பாட்டைக் கால் மணி நேரம் இழுத்தீர்கள். "இது நம்ம மலைப்பாட்டு புளூகிராஸா, இல்ல ரயிலு கவுந்த சத்தமா?" என்று முன்வரிசைக் கிழவன்கள் கத்தினார்கள். ஒருவன் மடக்கு நாற்காலியை மேடைக்கு வீசினான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியும் ஓப்பல் தன் பாஸ் வாத்தியத்தின் தந்தியை விடவில்லை. அதே நாற்காலியை நான் திருப்பி வீசினேன். அவனுக்குப் பல் இரண்டு போயிற்று. ஊரில் கேட்டால் ஏழு என்பார்கள், நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் உங்களைத் தூக்கிவிட்டது அந்த ஆற்றுப் பாட்டு. பெண்ணைக் கொன்றவன் பெயரைப் பாட்டில் வைப்பது நம் மலை வழக்கம். பேரன் காலம் வரை அந்தக் குடும்பம் தலை நிமிரக் கூடாது. அதெல்லாம் அவளைப் புதைத்து, அவனையும் தூக்கில் போட்ட பிறகு பாடுவது. நீ என்ன செய்தாய்? ஓப்பலின் தாடையை டயர் கம்பியால் உடைத்து ஆற்றில் தள்ளிய புருஷன் கிளெட் சிறையிலிருந்து வெளியே வந்து திரியும்போதே, அடிபட்டவளைப் பக்கத்தில் நிறுத்தி, ஐந்தாவது சரணத்தில் அவன் பெயரைப் போட்டு உடைத்தாய். சிறை செய்யாததை அந்தச் சரணம் செய்தது. அவன் பெட்ரோல் போடப் போனால் பிள்ளைகள் அதைச் சீட்டியடிக்கிறதுகள். உங்கள் பெயர் எவ்வளவு ஏறியதோ, அவ்வளவு வெறி அவன் தலைக்கு ஏறியது.

செவ்வாய்க்கிழமை காலை அடுப்படியில் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தேன். கிளெட் கதவைத் தட்டவில்லை, உடைத்துக்கொண்டு வந்தான். கையில் அதே கம்பி. "அக்காவும் தங்கச்சியும் எங்கடா பாடுறாளுங்க, சொல்றா கிழவா" என்றான். கொதிக்கிற வாணலியால் காதில் ஒன்று விட்டேன். எண்ணெய் வழிந்து காது வெந்த நாற்றம் இன்னும் அடுப்படியில் நிற்கிறது. அதோடு சுருண்டு விழுந்தான் என்று எழுதத்தான் ஆசை. விழுந்தது நான்.

என் வலது கையை மேசையில் வைத்து அழுத்திக்கொண்டு கம்பியை ஓங்கினான். கட்டைவிரலை உடைத்ததும் டேட்டன் என்று ஒரு ஊரைச் சொன்னேன். நம்பவில்லை. ஆட்காட்டி விரலுக்கு நாக்ஸ்வில் என்றேன். நடுவிரலுக்கு லூயிவில். "நீ மூச்சு வுட்டாலே பொய்தானடா" என்று என் வாயிலும் ஒன்று வைத்தான். நாலாவது விரலுக்கு அழுதேன். நடித்தேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். "வீலிங் ஊருல, பாலத்தடியில இருக்குற கூடம், ஓப்பல் அந்த நீலச் சட்டைய போட்டிருப்பா, அவள மட்டும் அடிக்காதடா" என்று காலைப் பிடித்தேன். அந்த நீலச் சட்டைதான் அவனை நம்ப வைத்தது. பொய்யை ஒருபோதும் அம்மணமாக அனுப்பக் கூடாது, மருமகளே.

நீங்கள் தெற்கே. அவன் வடக்கே அத்தனை தூரம் ஓட்டிப் போய்ப் பாலத்தடியில் காத்துக் கிடந்திருக்கிறான். ஐமா போனில் தகவல் சொல்ல, அங்கேயே போலீஸ் பிடித்தது, மடியில் துப்பாக்கியோடு. இனி சீக்கிரம் வெளியே வர முடியாதாம். அறுபது வருஷமாக நான் விட்ட கதையெல்லாம் அந்த ஒரு கதைக்கு ஒத்திகை என்று வைத்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "கச்சேரிய வுட்டுட்டு வர்றோம், இனிமே அந்தப் பேரப் பாடவே மாட்டேன்" என்று நீ போனில் அழுததாக ஐமா சொன்னாள். வந்து என்ன செய்வாய்? எனக்குச் சோளக்கஞ்சி ஊட்டுவாயா? நீ அந்தப் பெயரை விழுங்கினால் என் நாலு விரலும் அவனுக்கு இனாம். "பொட்டப்புள்ளைங்க பயந்துடுச்சுங்க பாத்தியா" என்று அந்தப் பல் போன கிழவன் சிரிப்பான். மிச்சப் பல்லையும் நான் கழற்ற வேண்டி வரும். எனக்கு வேலை வைக்காதே.

இதை ஐமா நாளை நேரில் கொண்டுவருகிறாள். என் கையைப் பற்றி டாக்டர் சொன்னதையும் சொல்வாள். அவள் எதையும் பெரிதாக்குகிறவள், பாதியை மட்டும் நம்பு. பேஞ்சோவை நீயே வைத்திரு, திருப்பித் தர அவசரமில்லை. மீட்டுவதற்கு நான் விரலில் மாட்டிக்கொள்ளும் பித்தளை நகங்கள் மூன்றையும் கொடுத்தனுப்புகிறேன். உனக்குக் கொஞ்சம் தளரும், அமுக்கிவிட்டு மாட்டிக்கொள். நான் புதிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன், சுத்த வெள்ளியில், கட்டைவிரல் நகத்தில் கழுகு பொறித்து.

கர்த்தர் உன் தொண்டைக்கும் ஓப்பலின் கைக்கும் காவல் இருக்கட்டும். சனிக்கிழமை நானும் நாயும் வாசலில் தெற்கே பார்த்து உட்கார்ந்திருப்போம். ஐந்தாவது சரணத்தை இங்கே கேட்கிற மாதிரி பாடு.

உன் மாமன்,
ஹோபர்ட்