ஜாஸ்மினின் நாற்பத்தொரு கிளிக்

9 ஜூன் 2025, திங்கள்
கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் வர டிராஃபிக்கில் ஒன்றேகால் மணி நேரம். வந்ததும் ஒரு புதுத் தலைவலி. இன்ஷூரன்ஸ் பேப்பர்களைப் பதிவு செய்கிற எங்கள் எட்டுப் பேர் கம்ப்யூட்டரிலும் ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கிறார்கள். எந்தத் திரை, எத்தனை கிளிக், எவ்வளவு நேரம், எல்லாம் மூன்று வாரம் பதிவாகும். எந்த வேலையை மெஷினிடம் தள்ளலாம் என்று பார்க்கவாம். "ஆளை அளக்கலம்மா, வேலையைத்தான்" என்றார் மேனேஜர் ஜெர்சன். டீம் லீடர் நான், நானே நம்பவில்லை.

10 ஜூன்
ஜாஸ்மின் பயந்துபோயிருக்கிறாள். அவள் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஆபீஸ் இன்ஷூரன்ஸில்தான் ஓடுகிறது. "வேலை போயிடுமாக்கா?" மேனுவலில் உள்ளபடி வரிசையாகச் செய், சந்தேகம் கேட்கப் போனைத் தொடாதே, சுத்தமாக இருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்றேன். ஜெயவேலு அண்ணனிடமும் சொன்னேன். தேதி மங்கலாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கே போன் போடுகிறவர். "இந்த வயசுல என்னைப் போய் நடிக்கச் சொல்றியே சந்திரிகா" என்றார்.

19 ஜூன்
அசதி. எழுத ஒன்றும் இல்லை.

2 ஜூலை
மீட்டிங்கில் ரிப்போர்ட் போட்டார்கள். ஜாஸ்மினுக்கு ஒரு ஃபைலுக்கு நாற்பத்தொரு கிளிக். எல்லா ஃபைலுக்கும் அதே நாற்பத்தொன்று, அதே வரிசை. "இதை அப்படியே மெஷினுக்குக் கொடுத்துடலாம்" என்று ஜெர்சன் சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஜெயவேலு அண்ணனுடைய கிளிக்குகளைக் கோடாகப் போட்ட படம் சிக்குப்பிடித்த நூல். "இதுக்கு ஆள் வேணும்" என்று ஒதுக்கிவிட்டார்.

என் பேச்சைக் கேட்டவள் மாட்டினாள். கேட்காதவர் தப்பித்தார்.

எழுந்து சொன்னேன். "சார், நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். எப்பவும் அவளும் போன் போட்டு விசாரிப்பா."
"விசாரிக்காமயும் முடிஞ்சிருக்குல்ல?"
உட்கார்ந்துவிட்டேன்.

3 ஜூலை
முடிஞ்சுதா? எங்க முடிஞ்சுது? விசாரிக்காம அனுப்பினதுல எத்தனை ஃபைல் திரும்பி வந்துச்சு — நேத்தே கேட்டிருக்கணும். மக்கு. இன்று அதைக் கேட்டு ஜெர்சன் சாருக்கு மெயில் அனுப்பினேன்.

8 ஜூலை
பதில் இல்லை.

25 ஜூலை, வெள்ளி
ஜாஸ்மினுக்குக் கடைசி நாள். பஸ் ஸ்டாப் வரை போனேன். "என்னாலதான்" என்றேன்.
"ஒழுங்கா வேலை செய்யத்தானே சொன்னீங்க. விடுங்கக்கா."
"அப்பாவுக்கு?"
"மாசக் கடைசி வரைக்கும் இன்ஷூரன்ஸ் கார்டு செல்லும்."
குரோம்பேட்டை பஸ் வந்தது, ஏறிவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

6 ஆகஸ்ட்
அடுத்த வாரம் இரண்டாம் மாடிக்கும் அந்த சாஃப்ட்வேர் வருகிறது. அங்கே டீம் லீடராக இருக்கும் பியூலா இறங்கி வந்தாள். "உங்க ஆளுங்களுக்கு என்ன சொன்னீங்க? நானும் அதையே சொல்லிடறேன்."
"சந்தேகம் வந்தா நிறுத்தச் சொல்லு. போன் போடச் சொல்லு. மேனுவலை அலமாரியில வச்சுப் பூட்டிடு."
சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள்.