நான் சால்வைக்குத் தயாரான கதை

பாலசமுத்திரம்,
தை மாதம், புதன்கிழமை.

அன்பு மகள் தரணிக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கறவை மாடும் நலமாக இருக்கிறோம், மூவரில் மாடுதான் கொஞ்சம் கூடுதல் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை பிரித்திகாவும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். மாமரமெல்லாம் பூத்திருக்கிறது, பனி இப்படியே கொட்டினால் பூ கருகிவிடுமோ என்று கவலை. அது கிடக்கட்டும். போன வாரம் போனில் சன்மான விழா எப்படி நடந்தது என்று நீ கேட்டபோது சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. போனில் சொன்னால் நீ சிரிப்பது என் காதில் விழும், எழுதினால் விழாது, அதனால் எழுதுகிறேன்.

முரளிதரனை உனக்குத் தெரியும், உன்னோடு படித்தவன், இப்போது சித்தூரில் காலேஜில் பாடம் சொல்லித் தருகிறான். அவனும் நண்பர்களும் ஒரு சங்கம் வைத்து, ஊருக்குச் சத்தமில்லாமல் நல்லது செய்கிறவர்களைத் தேடிப் பிடித்து வருஷத்துக்கு ஒருவருக்கு மரியாதை செய்கிறார்கள். இந்த வருஷம் நம் ஊர். அவன் போன் செய்து, "மாமா, வர்ற செவ்வாக்கெழம ஸ்கூல் கிரவுண்டுல சன்மானம் வச்சிக்கினு இருக்கறோம், நீங்க கண்டிப்பா மேடையில இருக்கணும்" என்றான். அவன் சொன்னது அவ்வளவுதான், மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன். உன் அம்மா மட்டும், "உனுக்கு இன்னாத்துக்குப் பண்றாங்கன்னு கேட்டியா?" என்றாள். பொறாமையில் கேட்கிறாள் என்று நினைத்தேன். பிறகு, மேடையில் சொல்வதற்காக நான் செய்த சேவைகளை எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். பஸ் நிற்கிற இடத்தில் சிமெண்டு பெஞ்சு போட்டுக் கொடுத்தேனே, அதில் என் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லி, பெயிண்ட் காய்வதற்குள் ஜனங்கள் உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேர் வேட்டிக்குப் பின்னால் என் பெயரோடு நடந்தார்களே, அது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. வேறு எதுவும் அகப்படவில்லை. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை பார். சித்தூர் போய் சரிகைக்கரை வேட்டி எடுத்து, ஜிப்பா தைத்து, திருப்பதியிலிருந்து உன் மாமாவையும் வரவழைத்தேன். சால்வை போடும்போது எவ்வளவு குனிந்தால் அடக்கமாகத் தெரியும் என்று கண்ணாடி முன்னால் குனிந்து குனிந்து பார்த்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது, அம்மாதான் தைலம் தேய்த்துவிட்டாள்.

விழா அன்று மேடையில் நடு நாற்காலி காலியாக இருந்தது. யாரோ ஆபீசர் வரப்போகிறார் என்று நினைத்து அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முரளிதரன் என்னை முதலில் பேசக் கூப்பிட்டான். "எனக்கு இதுக்கெல்லாம் தகுதியே கெடையாது" என்று ஆரம்பித்தேன், நன்றாகக் கை தட்டினார்கள். "ஏதோ என்னால ஆனத ஊருக்குச் செஞ்சேன்" என்றேன், கைதட்டல் நின்றுபோனது. கீழே உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் விடவில்லை, பெஞ்சுக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் முரளிதரன் ஓடி வந்து காதில், "மாமா, நீங்க தனசேகரப் பத்திப் பேசணும். சால்வைய நீங்கதான் அவருக்குப் போத்தணும். உங்க நைனாவ கடேசி வரைக்கும் பாத்தாரே, அதான் உங்களக் கூப்ட்டோம்" என்றான்.

சலூன் தனசேகரைத்தான் சொன்னான். செவ்வாய்க்கிழமை சலூனுக்கு லீவு அல்லவா, அந்த லீவில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்கள் வீடுகளுக்குப் போய் முடி வெட்டி, சவரம் செய்து, நகம் வெட்டிவிட்டு வருகிறார். கூலி வாங்குவதில்லை, டீ கொடுத்தால் குடிப்பார். உன் தாத்தா கை கால் விழுந்து கிடந்த காலமெல்லாம் அவர்தான் நம் வீட்டுக்கு வந்தார். நான் அதை என்ன நினைத்திருந்தேன் தெரியுமா, நம் வீடு பெரிய வீடு, அதனால் வருகிறார் என்று. சுற்று வட்டாரத்தில் அவர் போகாத வீடு இல்லை என்பது அந்த மேடையில் முரளிதரன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பேச்சு எழுதிய தாளை மடித்து ஜிப்பாவில் வைத்துக்கொண்டு, "எங்க நைனாவுக்கு நான் ஒரு தரங்கூட சவரம் பண்ணி வுட்டதில்ல. இவருதான் பண்ணாரு" என்றேன். தனசேகர் மைதானத்து ஓரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தார், பிடித்து இழுத்து வந்தார்கள். நான் சால்வையைப் போர்த்தும்போது, "சட்டுனு முடிங்கண்ணா, இன்னும் மூணு வீடு பாக்கி இருக்குது" என்றார்.

சால்வை, மாலை, பழத்தட்டு எல்லாவற்றையும் பையோடு பைக்கில் வைக்க இடமில்லை. நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறேன் என்றேன். உன் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் அங்கிருந்து போய்விட வேண்டும், அதுதான் உண்மைக் காரணம். முதல் வீடு வெங்கடலட்சுமி அம்மாளுடையது, அவள் புருஷன் ஒரு பக்கம் கை கால் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். அந்த அம்மாள் என் ஜிப்பாவையும் கையில் இருந்த சால்வையையும் பார்த்து, "உங்களுக்கா சாமி சன்மானம், நல்லா இருங்க" என்றாள். தனசேகர் சோப்பு நுரை கலக்கிக்கொண்டே, திரும்பாமல், "ஆமாம்மா, அண்ணனுக்குத்தான்" என்றார். கேலி இல்லை தரணி. மேடையில் நான் நின்ற நிலையை அவர் பார்த்திருக்கிறார், பாவம் என்று எனக்கே கொடுத்துவிட்டார். நானும் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டேன், பொய் சொல்லமாட்டேன். பிறகு, "இல்லம்மா, அவருக்குத்தான். நான் தூக்கிக்கினு வந்தவன்" என்றேன். "அப்டின்னா அத்த கீழ வெச்சிட்டு வந்து தலையப் புடிங்கண்ணா, ஆடுது" என்றார் தனசேகர். பிடித்தேன். ஒரு மனுஷன் தலை இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. சவரம் முடிந்ததும் அந்தப் பெரியவர் நல்லாயிருக்கிற கையால் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நேற்றும் செவ்வாய்க்கிழமை, நேற்றும் போனேன். தலை பிடிக்க மட்டும்தான், கத்தியை என்னிடம் தருவதாக இல்லை. அடுத்த வருஷச் சால்வைக்கு இப்போதே அலைகிறேன் என்கிறாள் உன் அம்மா. அப்படியெல்லாம் இல்லை என்று அவளிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். உனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். எல்லாரும் நிறைந்த ஆயுசோடு இருங்கள். காலுறை இல்லாமல் குழந்தையைத் தரையில் நடக்க விடாதே. முரளிதரன் உனக்குப் போட்டோ அனுப்புவான், சால்வையோடு நிற்பவர் தனசேகர், பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்பவன்,

உன் நைனா
முனிகிருஷ்ணன்