பேனா நின்ற வரி

என் வீட்டுக்காரிக்கு,

விபத்துக்குப் பிறகு டாக்டர் சொன்னபடி கவிதை எழுதுகிறேன், சிரிக்காதே. சிக்னல், மழை, தண்டவாளம் எல்லாம் வந்துவிடும். 'அவள் முகம் தெரியவில்லை' என்று எழுதியதும் பேனா நின்றுவிடும். பதினோரு மாதமாக அந்த வரியைத் தாண்டவே முடியவில்லை.

"முகத்தைப் பாத்தீங்களா?" என்று அன்றே கேட்டாய்.

"இல்லம்மா" என்றேன். விசாரணையிலும் அதையேதான் சொன்னேன்.

இன்று டிரைவர்கள் ஓய்வறையில் உட்கார்ந்து அந்த வரியை அடித்துவிட்டேன். விழுந்த குடையை எடுக்கத் தண்டவாளத்தில் குனிந்தவள், ஹாரன் கேட்டு நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள். ரயிலை நிறுத்திவிடுவேன் என்று நம்பிய முகம். பிரேக்கை முழுவதும் போட்டிருந்தேன், ரயில் நிற்கவில்லை.

அதை அப்படியே எழுதினேன். அடுத்த வரி தானாக வந்தது.

நாளை நான் வீட்டுக்கு வந்ததும் கவிதையை நீ வாய்விட்டுப் படி. எனக்குக் குரல் வராது. கடைசி வரியை மட்டும் எப்படியாவது நானே படிக்கிறேன். அது அவளிடம் சொல்வது.

உன் ரயில்காரன்